போர்முனையில் கைப்பேசிக்குத் தடை: சரியா?

மின்மினி:
என் கணவர் போர்முனையில் இருக்கிறார். இனி அங்கே கைப்பேசி கூடாதாம். வாரம் ஒரு முறை, முகாம் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசலாம். அப்பா குரலைக் கேட்காமல் மகன் தூங்க மாட்டேன் என்கிறான். இது நியாயமா?

பழைய சிப்பாய்:
நியாயம்தான் தங்கச்சி. பேசாமல் பையில் கிடந்தாலும் கைப்பேசி கோபுரத்தோடு தொடர்பில் இருந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நூறு கைப்பேசி இருந்தால் எதிரிக்கு அதுவே முகவரி. 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனில் ரஷ்யா பிடித்து வைத்திருந்த மகீவ்கா நகரில், ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை உக்ரைன் தாக்கியதற்கு, தடையை மீறிக் கைப்பேசி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்று ரஷ்ய ராணுவமே சொன்னது. அவர்கள் கணக்கிலேயே 89 பேர் இறந்தார்கள்.

மின்மினி:
அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் தங்க வைத்தது யார் அண்ணா? அந்தக் கேள்வியை ரஷ்யர்களே கேட்டார்கள். அதிகாரிகளின் தவறுக்கு, வீட்டுக்குப் பேச நினைத்தவன்மேல் பழியா?

தாழம்பூ:
நான் சிப்பாய் அண்ணன் பக்கம். என் தம்பி தினமும் இரவு ஒன்பதுக்குக் கூப்பிடுவான். ஒருநாள் அழைப்பு வரவில்லை. 'கடைசியாகப் பார்த்தது 8.42' என்ற வரியையே விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்பே பற்ற வைக்கவில்லை. அவன் ரோந்துக்குத்தான் போயிருந்தான். தினமும் பேசிப் பழகியதால் வந்த வேதனை அது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஓர் அச்சடித்த அட்டை தருவார்கள். 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் இருக்கிறேன்' என்ற வரிகளில் பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கூடுதலாக ஒரு சொல் எழுதினாலும் அட்டையை அழித்துவிடுவார்கள். அதை வைத்தே குடும்பங்கள் தாக்குப்பிடித்தன.

மின்மினி:
அட்டை வந்து சேரும்போது அவர் நலமாக இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? எழுதிய நாளின் நலம்தானே அதில் இருக்கும்?

பழைய சிப்பாய்:
அது உண்மை. ஆனால் அந்தப் பக்கத்தையும் கேளுங்கள். ரோந்துக்குக் கிளம்ப அரைமணி நேரம் இருக்கும்போது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது எனக்கு. அன்று என் கண் பாதையில் இல்லை. பின்னால் வந்தவன் தோளைப் பிடித்து இழுத்ததால் கண்ணிவெடிக் கம்பியை மிதிக்காமல் தப்பித்தேன்.

மின்மினி:
இப்படியெல்லாம் ஆகும் என்று என் கணவர் என்னிடம் சொன்னதே இல்லை. சரி அண்ணா, காய்ச்சல், கடன் எதையும் இனி போனில் சொல்ல மாட்டேன், கடிதத்தில் எழுதுகிறேன். ஆனால் வாரம் பத்து நிமிடம் போதாது என்றுதான் இப்போதும் சொல்வேன். அதில் முதல் நான்கு நிமிடம் மகனுக்கு.