திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5

கவிதா: சித்தப்பா, நாளைக்கு செமினார். அமெரிக்க உள்நாட்டுப் போர். "மாநில உரிமைக்காக நடந்த சண்டை, அடிமை முறை வெறும் சாக்கு" என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். அப்படியே எழுதிவிடட்டுமா?

சேகர் சித்தப்பா: எழுதாதே. 1850இல் வந்த சட்டத்தை முதலில் படி. தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமையை, அடிமை முறையே இல்லாத வடக்கிலும் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. தெருவில் போகிறவரைக்கூட அதிகாரி "வந்து பிடி" என்று கூப்பிடலாம். விசாரிக்கும் கமிஷனருக்குக் கட்டணம், திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5.

மீனா அத்தை: இதென்ன அநியாயம்! அப்புறம் எவன் விடுவிப்பான்?

சேகர் சித்தப்பா: திருப்பி அனுப்புவதற்கு எழுத்து வேலை அதிகமாம். அதுதான் சொன்ன காரணம் அக்கா 😄

மீனா அத்தை: நல்ல கணக்கு. யாராவது சிலிண்டர் புக் செய்தீர்களா?

பாலா: செய்தாயிற்று அத்தை. கவிதா, 1854இல் இங்கே பாஸ்டனில் நடந்ததைச் சேர்த்துக்கொள். ஆன்டனி பர்ன்ஸ், இருபது வயதுப் பையன். விர்ஜினியாவிலிருந்து கப்பலில் தப்பி வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். அண்ணனுக்குப் போட்ட கடிதம் எஜமானன் கையில் சிக்கிவிட்டது. நகைக்கடைத் திருட்டு என்று பொய் சொல்லித்தான் பிடித்தார்கள்.

கவிதா: ஊர்க்காரர்கள் சும்மா விட்டார்களா அண்ணா?

பாலா: கோர்ட் கதவை உடைக்கப் போனார்கள். காவலர் ஒருவர் செத்தார். ஜூன் 2ஆம் தேதி பட்டாளம் சூழ அவனைக் கப்பலுக்கு நடத்திப் போனார்கள். வழியெல்லாம் கட்டடங்களில் கறுப்புத் துணி. தெருவுக்குக் குறுக்கே ஒரு சவப்பெட்டியே தொங்கியது. அந்த ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியாகத்தான் நான் தினமும் ஆபீஸ் போகிறேன்.

சேகர் சித்தப்பா: பார்த்தாயா? பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வேண்டாம் என்கிறார்கள், தெற்குக்காக மத்திய அரசு பட்டாளத்தை இறக்குகிறது. மாநில உரிமை அன்றைக்கு எங்கே போனது? அதே வாரம், மே 30, கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டமும் கையெழுத்தானது. அந்த இரண்டு புதுப் பகுதிகளிலும் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்றார்கள். இரண்டு பக்கத்தாரும் துப்பாக்கியோடு கன்சாஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

கவிதா: சுங்கவரித் தகராறும் இருந்ததே?

சேகர் சித்தப்பா: இருந்தது. 1832இல் தென் கரோலினா அதற்காகக் குதிக்கவும் செய்தது. ஆனால் நாட்டை விட்டுப் பிரிந்து போகவில்லையே! 1860இல் லிங்கன் ஜெயித்ததும்தான் போனது. அவரும் ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் கை வைக்க மாட்டேன், புதுப் பகுதிகளுக்குப் பரவ விட மாட்டேன் என்றுதான் சொன்னார். வடக்கத்தியர் எல்லோரும் உத்தமர்கள் என்றும் எழுதிவிடாதே.

கவிதா: பிரிந்தபோது என்ன காரணம் சொன்னார்கள்?

சேகர் சித்தப்பா: அந்த டிசம்பரில் தென் கரோலினா விட்ட அறிக்கையைப் பார். தப்பியோடியவர்களைப் பிடிக்கவிடாமல் வடக்கு மாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் போட்டுவிட்டன என்று பெயர் சொல்லிப் புகார். வடக்கு தன் உரிமையைக் காட்டியதுதான் குற்றமாம்! மிசிசிப்பி இன்னும் வெளிப்படை. எங்கள் நிலைப்பாடே அடிமை முறையோடு பிணைந்தது என்று எழுதியே வைத்தது. 1861 ஏப்ரல் 12, தென் கரோலினாவில் மத்திய அரசின் கையில் இருந்த சம்டர் கோட்டை மீது தெற்கின் குண்டு விழுந்தது, போர் தொடங்கிவிட்டது.

மீனா அத்தை: அந்தப் பையன் என்ன ஆனான்? அதைச் சொல்லுங்கள்.

பாலா: பாஸ்டன்காரர்கள் பணம் திரட்டி அடுத்த வருடமே 1,300 டாலருக்கு மீட்டார்கள் அத்தை. ஓபர்லின் கல்லூரியில் படித்து, கனடாவில் பாதிரியார் ஆனார். 1862இல் இறந்துவிட்டார். 28 வயது.

மீனா அத்தை: 😢

கவிதா: முதல் ஸ்லைடில் அந்த 10 டாலர், 5 டாலரைப் போடப் போகிறேன்.

சேகர் சித்தப்பா: போடு. மாசசூசெட்ஸ் ஸ்பெல்லிங்கை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்.