மறைந்த கண்ணமங்கலம் அவல்தாரைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கூட்ரோடுக்காரன்

அவர் யார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணமோ கருமாதியோ, முதல் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பட்டாளத்துப் பொறியாளர் படையில் இருந்து வந்தவர், ஆனால் போரைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

எங்கள் கிணற்றில் நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. தண்ணீர் கீழே இறங்கிவிட்டது, ஆழப்படுத்த வேண்டும், அடியில் முழுக்கப் பாறை. துளை போட்டு நான்கு வெடித் தோட்டா வைத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு எல்லோரும் ஓடிவந்துவிட்டோம். சத்தம் அடங்கியதும் ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து இறங்கப் போனார். பக்கத்து நிலத்தில் மல்லாட்டைக்கு (வேர்க்கடலை) களை வெட்டவைத்துக்கொண்டிருந்த அவல்தார் அங்கிருந்தே கத்தினார்: "நாலு வச்சீங்க, மூணுதான் கேட்டுது, எவனும் எறங்காதே!" வரப்பெல்லாம் தாண்டி ஓடிவந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டார். அப்பாவுக்குக் கூலி வீணாகிறதே என்று கோபம். அவரோ ஒன்றும் நடக்காதது மாதிரி ஒவ்வொருவரிடமும் பொண்டாட்டி பிள்ளை, மாடு கன்று எல்லாம் விசாரித்துக்கொண்டே அரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. அப்புறம் தான் மட்டும் இறங்கிப் பார்த்தார். வெடிக்காததைத் தோண்டக் கூடாது, ஒரு அடிக்கு மேல் தள்ளிப் புதுத் துளை போட்டு அதில் வெடித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும் என்றார். அப்படியே செய்தார்கள். முதலில் இறங்கப் போன அந்த ஆளுக்கு இன்று பேரன் பேத்தி எல்லாம் இருக்கிறார்கள்.

ஆரணி பஸ்

கூட்ரோடுக்காரர் சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்ள முடியாது. போரைப் பற்றிப் பேசமாட்டார் என்பது தவறு. கேட்கிற ஆளைப் பொறுத்தது. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

வேலூரிலிருந்து வரும்போது பஸ் வழியில் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். நான் பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்றேன், அவராகவே ஆரம்பித்தார். 1971 பாகிஸ்தான் போர், டிசம்பர் 15 ராத்திரி, ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆறு. அக்கரையில் நம் காலாட்படை போய்ச் சேர்ந்துவிட்டது, டாங்கிகள் போக வேண்டும், நடுவில் கண்ணிவெடிகள். குப்புறப் படுத்துக் கம்பியைச் சாய்வாகக் குத்திக் குத்தித்தான் போக வேண்டுமாம். நேராகக் குத்தினால் அதன் தலையிலேயே பட்டுவிடும் என்று என் குடையை வாங்கி மண்ணில் குத்திக் காட்டினார். பாதை முழுசாகச் சுத்தமாவதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் என்ற படைப்பிரிவின் டாங்கிகள் உள்ளே நுழைந்துவிட்டன. அதில் போனவர்தான் 21 வயது அருண் கேத்தர்பால், மறுநாள் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்கரம் வாங்கியவர். "நாங்க இன்னும் கொஞ்சம் வேகமா குத்தியிருக்கணும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, குடை குத்திய குழியைப் பார்த்துச் சொன்னார். வேகமாகக் குத்துகிற வேலையா அது? அதை அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, பஸ் கிளம்பிவிட்டது.

படவேட்டு மருமகள்

எல்லோரும் அவரை நல்ல விவசாயி என்று எழுதுகிறீர்கள். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் 1964ல் பட்டாளத்துக்குப் போனவர் பென்ஷனோடு ஊர் திரும்பும்வரை அந்த நிலத்தை ஓட்டியது யார்? அவர் மனைவியான அத்தைதான். அவர் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், போவார். நாற்றங்கால், கூலி, ராத்திரி மோட்டார் போடப் போவது, மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை அனுப்புவது எல்லாம் அத்தை. அவர் டீக்கடையிலிருந்து கூட்டிவரும் ஆட்களுக்கெல்லாம் அடுப்பு ஊதியதும் அத்தைதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், அவரே இதை ஒரு நாள் சொன்னதை நான் கேட்டேன். நவரை நடவு, நானும் கூலிக்குப் போயிருந்தேன். தண்ணீரை இன்னும் கட்டு என்று இவர் சொல்ல, வடியவிடு என்று அத்தை சொல்ல, மடை திருப்பின பையன் மண்வெட்டியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான். அவர் நடவுக்காரப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "அவங்க சொல்றதைச் செய்யிடா, நான் இந்த ரெஜிமெண்டுக்குப் புதுசு." ஊர் திரும்பிப் பல வருஷம் ஆகியிருந்தது அப்போது. எங்கள் வீட்டு ஆம்பளைகள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓய்வு நாயக்

நான் அவரை வேலூர் மிலிட்டரி கேன்டீன் வரிசையில் பார்த்தேன். வெயிலில் நின்ற விதவை அம்மா ஒருவருக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் போய் நின்று, அங்கே இருந்த நாலு பேரையும் சிநேகிதமாக்கிக்கொண்டார். அவ்வளவுதான் பழக்கம்.

இப்போது முக்கியமான விஷயம். அவல்தார் வீட்டு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வாங்க யாராவது ஏற்பாடு செய்கிறீர்களா? தள்ளிப்போடாதீர்கள். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற பட்டாளத்துப் பென்ஷன் இணையதளம் வழியாகத்தான். இறப்பை முதலில் அதில் பதிய வேண்டும். இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், பான், அம்மா பெயரிலேயே வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும். பெரிய சிக்கல் பெயரில் வரும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பிறந்த தேதி வேறு, நம் ஊர்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான். அதை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்யாமல் விண்ணப்பித்தால் திரும்பி வந்துவிடும். இறந்த பிறகு அவல்தார் கணக்கில் பென்ஷன் விழுந்தால் எடுக்காதீர்கள், திரும்பப் பிடிப்பார்கள். இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டக் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விதவைக்கும் வைத்தியம் உண்டு. 71 போருக்கான பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் எல்லாம் பிள்ளைகள் விளையாட எடுத்துத் தொலைத்துவிடப் போகிறார்கள், பூட்டி வையுங்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் ஒரு அம்மா இந்தப் பெயர்த் தகராறில் வருஷக்கணக்காக அலைகிறார்.

கடலைக்காட்டுப் பிள்ளை

நாயக் சார், நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். என் அப்பாவும் பட்டாளம். அப்பா இறந்தபோது அம்மா பெயர் புத்தகத்தில் தப்பாக இருந்தது. அம்மா வீட்டைவிட்டு வெளியே வராமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நேரம். அவல்தார் காலையிலேயே வந்து, "வாம்மா, வேலூர் போயிட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டார், எழுந்திருக்கும்வரை திண்ணையைவிட்டு அசையவில்லை. விஏஓ கையெழுத்து, நல அலுவலகம், ஜெராக்ஸ் என்று எல்லா இடத்திலும் அவரே முன்னால் நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரில் ஆரம்பித்து முன் சீட்டு, பின் சீட்டு என்று ஒருவரையும் விடாமல் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. மல்லாட்டை மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் கேட்டார், அவர் ஏதோ சொன்னார், "அது ரொம்பக் கம்மி, எங்க ஊர்ல இன்னும் அதிக விலைக்கு எடுக்கறாங்க" என்று ஜன்னலோரமிருந்து என் அம்மா சொன்னாள். அப்பா போன பிறகு அவள் வெளியாளிடம் பேசிய முதல் பேச்சு. அவல்தார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "கேட்டுக்கோங்க, வெவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரிடம் பேசப் போய்விட்டார்.

அத்தையின் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டோம். பெயர், தேதி எல்லாவற்றையும் அவரே எப்போதோ சரிசெய்து வைத்திருக்கிறார். காரியம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. வெளியூரில் இருப்பவர்கள் காலை வண்டிக்கே வந்துவிடுங்கள், பந்தி பரிமாற ஆள் வேண்டும்.