நிறுத்தினால் பாவமா? தொடர்ந்தால் உடம்பு தாங்கவில்லை

தோட்டப்பாளையம் அக்கா கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் சபைப் பெண்கள் சேர்ந்து, லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் வடக்கத்திக் குடும்பங்களுக்குச் சாயங்காலம் கஞ்சி கொண்டுபோக ஆரம்பித்தோம். ஈஸ்டர் முடிந்ததும் ஒருத்திக்குப் பேரன் பிறந்தான், ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தி காரணமே சொல்லவில்லை. இப்போது நான் மட்டும்தான்.

கஞ்சியோடு நின்றாலாவது பரவாயில்லை. எனக்கு அரைகுறை இந்தி தெரியும் என்பதால் ராத்திரி பத்து மணிக்கு போன் வருகிறது: மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, நாளைக்கு எந்த பில்டிங், கூட வர முடியுமா. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். நான் தூக்கை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

நேற்று மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த ஒரு அம்மா, கேன்சருக்குக் கீமோ எடுக்கிறவர், கஞ்சியில் உப்பே இல்லை என்றார். சுள்ளென்று கோபம் வந்தது. நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதே என்று சமையலறைக் காலண்டரிலேயே கலாத்தியர் 6:9 தொங்குகிறது. அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. கொஞ்ச நாள் நிறுத்தலாமா?

பாகாயம் சிஸ்டர் (ரிட்டயர்டு நர்ஸ்):

தங்கச்சி, முதலில் உப்பு விஷயம். கீமோ எடுப்பவர்களில் நிறைய பேருக்கு நாக்கில் ருசி மாறிவிடும். போட்ட உப்பும் போடாதது போல இருக்கும். அந்த அம்மா உன்னைக் குறை சொல்லவில்லை. உப்பைத் தனிப் பொட்டலமாகக் கொடு. கிட்னி, பிரஷர் ஆட்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே.

1 இராஜாக்கள் 19 எடுத்துப் படி. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து பிரசங்கமா செய்தான்? தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான். பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகு.

வார்டில் எங்களுக்கு ஷிஃப்ட் உண்டு. நேரம் முடிந்தால் நோயாளியை விட்டுவிட்டுப் போக மாட்டோம், அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவோம். உன்னிடம் இல்லாதது அந்த அடுத்தவள்தான், விசுவாசம் அல்ல. சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒரே கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் நாற்பது படுக்கை. எல்லாவற்றையும் ஒரு டாக்டரம்மா பார்க்க முடியாது என்று தெரிந்துதான் 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அவரே ஆள் சேர்த்துக்கொண்டார், நீ ஏன் தனியாக ஓடுகிறாய்?

ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனை அணைத்துவிடு. அவசரம் என்றால் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சத்துவாச்சாரி தம்பி:

ஆமென். உங்களுக்காக ஜெபிக்கிறேன் அக்கா 🙏

ராணிப்பேட்டை பெரியவர்:

ஜெபிக்கிற தம்பி எந்தக் கிழமை தூக்கு தூக்குவார் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

சிஸ்டர் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். ஓய்வு என்று உட்கார்ந்தவர்கள் மறுபடி எழுந்ததை எங்கள் சபையில் நான் பார்த்தது குறைவு. ஆகவே நிறுத்தாதே அம்மா, செய்கிற விதத்தை மாற்று. அங்கே நிறைய லாட்ஜில் அடுப்பு, பாத்திரம் வாடகைக்குத் தருகிறார்கள். கூட வந்தவர்களில் சமைக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அரிசி, மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய் வாங்கிக் கொடு. நம் ஊர்க் கஞ்சியை விட அவர்கள் வீட்டுப் பருப்பு அவர்களுக்குத் தொண்டையில் இறங்கும். உனக்கும் அடுப்பு வேலை மிச்சம்.

கலாத்தியர் 6-ல் ஒன்பதாம் வசனத்தை மட்டும் காலண்டரில் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்வது 2-ல், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்பது 5-ல். மூன்றும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. கூட்டமாக ஆரம்பித்துவிட்டு உன் ஒருத்தி தலையில் போட்டுப் போனவர்களுக்கும் அந்தப் பக்கத்தை ஆயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டலாம்.

தோட்டப்பாளையம் அக்கா:

நன்றி சிஸ்டர், நன்றி அண்ணா. நேற்று ராத்திரி போனை அணைத்துவிட்டுத் தூங்கினேன். மால்டா அம்மாவின் மகளிடம் அரிசியும் மசூர் பருப்பும் வாங்கிக் கொடுத்தேன், வாங்கும்போதே சிரித்தாள். இனி செவ்வாய், வெள்ளி மட்டும் போகிறேன் என்று லாட்ஜ் மேனேஜரிடமும் சொல்லியாகிவிட்டது. முழங்கால் வலிக்காரி வீட்டிலிருந்தே காய் நறுக்கித் தருகிறாளாம். ஆயரிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை, அவர் வீட்டம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

சிஸ்டர், பெங்காலி தெரிந்த நர்சிங் பிள்ளைகள் யாராவது உங்களுக்குப் பழக்கமா? அப்புறம் அந்தச் சத்துவாச்சாரி தம்பியை வெள்ளிக்கிழமைக்கு எழுதிக்கொள்ளலாமா?