புதுப்பிப்பு: ‘கோ’ வரும் ஆல்பங்கள் தேடலில் சிக்காதது தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. இசைத்தட்டுப் பட்டியல் தளத்தில் ‘கோவில்’ என்று தேடினால் சில பதிவுகள் விட்டுப்போயின, அதுதான் சிக்கல். தேடலுக்கான அட்டவணையான இன்டெக்ஸைத் திரும்பக் கட்டியதில் பயனில்லை. யூனிகோட் இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது, செய்யச் சொன்ன யோசனைதான் பலித்தது. பழைய இறக்குமதிகளில் ‘கோ’ என்பது க, ே, ா என மூன்று குறியீடுகள். இப்போது தட்டச்சில் க, ோ என இரண்டுதான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பு முதல் வரும் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்தெழுதும்) வடிவத்தில் தலைப்புகளுக்கும் தேடுசொல்லுக்கும் ஓட்டினேன். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் போதாது.

எதிர்பாராதது: ‘கௌரி’யை ள போட்டு ‘கெளரி’ என அடித்தவை அப்படியே நின்றன. என்எஃப்சி அதைத் தொடாது. ‘ெள’ வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக ‘ௌ’ என மாற்றினாலோ ‘தெளிவு’ ‘தௌிவு’ ஆகித் தொலையும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதவற்றை மட்டும் மாற்றினேன்.