ஒரே வீட்டில் அக்கா இந்தியர், தம்பி இல்லை: எல்லையோரத்தில் நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

குளத்துப்புழாக்காரி:

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை வழியாக வந்தால் கேரளத்தில் எங்கள் ஊர் குளத்துப்புழா. இங்கே அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) மனு நிரப்பிக் கொடுப்பது என் வேலை. நாடுகடத்தல், அகதி, குடியுரிமை என்று டிவியில் நடக்கிற வாக்குவாதத்தில் ஒருவர்கூடச் சொல்லாத ஒரு விஷயத்தை இங்கே தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தத் திரி.

முதலில் எங்கள் கதை சுருக்கமாக. இலங்கைத் தோட்டங்களில் உழைத்த நம் ஜனங்களை 1948 சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் 1976-ல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி தொடங்கினார்கள். ரப்பர் எஸ்டேட் குளத்துப்புழாவிலும் ஆயிரநல்லூரிலும். என் அப்பா அம்மா தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி வந்தவர்கள். கொழுந்து பறித்த கை இங்கே வந்து ரப்பர் வெட்டப் பழகியது. ஊர்க்காரர்கள் இன்னும் எங்களை 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் இந்தியக் குடிமக்கள். காகிதம் கையில் இருக்கிறது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது 2002 பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேட்டார்கள். லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பாட்டிகள் எல்லாம் பழைய பாஸ்போர்ட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு பாட்டியின் பாஸ்போர்ட்டில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே போட்டோவில் நிற்கிறார்கள். ஓரம் கரையான் அரித்திருந்தது. மண்டபம் முகாமின் முத்திரை மட்டும் நன்றாகத் தெரிந்தது. "இது போதும்ல கண்ணு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சொல்ல வந்தது அந்தப் பாட்டியின் பேரனைப் பற்றி. பாட்டியின் மகள் கல்யாணம் செய்தது இலங்கை அகதிகள் முகாமில் இருந்த மாப்பிள்ளையை. சொந்தம்தான், ஹட்டன் பக்கத்து ஒரே தோட்டத்து ஆட்கள். மாப்பிள்ளையின் தாத்தாவும் 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு மனுப் போட்டவர். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியது குடும்பம். முறை வருவதற்குள் 1984-ல் கப்பல் நின்றது. 1990 சண்டையில் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் குடிமகன். படகில் வந்ததால் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி.

இவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் புனலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். பெண் 2003, பையன் 2006. பெண்ணுக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது, நர்ஸ் வேலைக்கு வெளிநாடும் போய்விட்டாள். பையனுக்குப் போட்ட மனு திரும்பி வந்தது. காரணம் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. 1987 ஜூலை 1-லிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்னால் வரை பிறந்தவர் என்றால் அப்பா அம்மாவில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு தேதி வந்து நிற்கிறது.

பையன் என்னிடம் கேட்டான்: "அக்கா, நான் எந்த நாட்டுல இருந்து இங்க வந்தேன்னு எழுதணும்?" அந்தக் கட்டத்தை நிரப்ப என்னிடம் பதில் இல்லை. சட்டவிரோதக் குடியேறி என்றால் உரிய ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர், அல்லது அனுமதித்த காலம் தாண்டித் தங்கியவர் என்றுதான் சட்டமே சொல்கிறது. இவன் எங்கிருந்து நுழைந்தான்?

இந்த மாதிரிக் குடும்பங்கள் இடுக்கியிலும் பாலக்காட்டிலும் இருப்பது எனக்குத் தெரியும். பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்.

ஆழியாறு பெயிண்டர்:

அக்கா, நான் அந்த மாப்பிள்ளை மாதிரி ஆள்தான். கைப்பிள்ளையா வந்தேன், இப்ப தலை நரைச்சிடுச்சு. பாலக்காடு, சித்தூர் பக்கம் பெயிண்ட் வேலைக்குப் போறேன். முகாம் ஆம்பளைங்க பாதிப்பேர் பெயிண்ட் வேலைதான், படிச்சவனும்கூட.

செக்கிங் நாள்ல முகாம்ல இருக்கணும். ஒரு தடவை கொழிஞ்சாம்பாறையில ஒரு வீட்டுக்கு இரண்டாம் கோட் பாதியில நிக்குது, மறுநாள் பால்காய்ச்சு. முகாம்ல இருந்து போன் வருது, நாளைக் காலையில பேர் வாசிக்கிறாங்க, இல்லேன்னா பதிவை வெட்டிடுவாங்கன்னு. பதிவு வெட்டினா பணக்கொடை, அரிசி எல்லாம் போச்சு, திரும்பச் சேர்க்க நாயாய் அலையணும். வீட்டுக்காரச் சேட்டன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆளுக்கு நம்பவே முடியல. "நீ தமிழ்நாட்டுக்காரன் இல்லையா?"ன்னு கேட்டார். ராத்திரியே அவர் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து கோவிந்தாபுரத்துல பஸ் ஏத்திவிட்டார். மறக்க மாட்டேன்.

என் சித்தப்பா மகன் 90-கள்ல கனடா போய் அகதிக் கேஸ் கொடுத்தான். ஏத்துக்கிட்டாங்க. பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) கிடைச்சுது, அப்புறம் சிட்டிசன். அங்கேயும் ஒத்துக்காத கேஸைத் திருப்பி அனுப்புறாங்க, அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு கேஸ்னு ஒண்ணு போட முடியுது, ஒரு ஆள் உக்காந்து கேட்டு ஆமா இல்லைன்னு சொல்றான். இந்தியா 1951 அகதி உடன்படிக்கையில கையெழுத்தே போடல. எங்ககிட்ட ஆமான்னும் யாரும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.

செங்கோட்டையான்:

மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மாற்றுக் கருத்து ஒண்ணு சொல்லியாகணும். எல்லைன்னு ஒண்ணு இருந்தா வாசல்ல யாராவது நின்னு பார்க்கத்தான் செய்யணும். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு, உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இது தர்மசத்திரம் இல்லைன்னு. 1991-ல ஸ்ரீபெரும்புதூர்ல நடந்ததை நாங்க மறக்கலை. புளியரை செக்போஸ்ட்ல எங்க அண்ணன் போலீசா இருந்தவர், அந்தப் பயம் என்னன்னு அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?

முனம்பத்தில் இருந்து ஒரு குளச்சல்காரன்:

நான் முனம்பம் ஹார்பர்ல போட்டுக்குப் போறவன். 2019 ஜனவரியில இங்கிருந்து ஒரு மீன்பிடி போட் நூறு பேருக்கு மேல ஏத்திக்கிட்டுப் போச்சு. முகாம்ல இருந்து வந்த இலங்கைத் தமிழர், டெல்லியில இருந்த தமிழர்னு குடும்பம் குடும்பமா. நியூசிலாந்து போறதாச் சொன்னாங்க. போட்ல இடம் பத்தாம பைகளைக் கரையிலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. போலீஸ் அதைப் பிரிக்கும்போது நானும் கூட்டத்துல நின்னேன். துணிமணி, வழிக்கு வாங்கின தின்பண்டம். ஒரு பையில குழந்தை ஸ்வெட்டர், கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்காம. எங்க வெயில்ல ஸ்வெட்டர் யாரு வாங்குவா? அந்தத் தூரத்துக் குளிருக்கு வாங்கினது.

அந்த போட் என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரை தெரியாது. கடலுக்குப் போறவன் நான், அந்த அளவு போட்ல அத்தனை பேர் ஏறினா என்னன்னு எனக்குத் தெரியும். கள்ளத்தனமாப் போறது தப்புன்னு வாத்தியார் மாதிரி சொல்ல எனக்கு வாய் வரல.

குளத்துப்புழாக்காரி:

குளச்சல் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

செங்கோட்டை அண்ணாச்சிக்கு. நீங்கள் சொல்கிற அந்த 2025 சுப்ரீம் கோர்ட் வழக்கு தண்டனை பெற்ற ஒருவருடைய வழக்கு. அதை வைத்து முகாமில் பிறந்த பிள்ளைகளை அளக்கக் கூடாது. எல்லாருக்கும் கதவைத் திற என்று நான் கேட்கவில்லை. சோதிக்கட்டும், கைரேகை எடுக்கட்டும், குற்றம் செய்தவனை விடவேண்டாம். இவர்கள் ஒளிந்திருப்பவர்களும் இல்லை. 35 வருஷமாக அரசாங்கமே பேர் வாசித்துக் கணக்கு வைத்திருக்கிறது. இதைவிட நன்றாக விசாரிக்கப்பட்ட ஜனம் யார் இருக்கிறார்கள்?

2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது. 11 வருஷம் இருக்கவேண்டும் என்பதை 5 ஆக்கியது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போடமாட்டோம் என்றார்கள். அது நல்லதுதான், பயம் குறையும். ஆனால் ஜெயிலுக்குப் போகவேண்டாம் என்பது குடியுரிமை ஆகாது. என் கேள்வி இதுதான்: 1964-ல் இந்தியா கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கையெழுத்து செல்லுமா, செல்லாதா?

முகாம்காரர்கள் இதைப் படித்தால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் யாராவது இருந்தால், பிறப்புச் சான்றிதழை உடனே எடுத்து வையுங்கள். 1950 ஜனவரி 26 முதல் அந்தத் தேதிவரை இந்த மண்ணில் பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும், குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே காரணத்தைச் சொல்லித்தான் 2022-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டுவிட்டார்.

தாத்தா பாட்டி ஒப்பந்தத்தில் மனுப் போட்டவர்கள் என்றால், கண்டியில் இந்தியத் தூதர் அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையோ பாஸ்போர்ட்டோ கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, தோட்டத்தின் பேர், கப்பலேறிய வருஷம் எல்லாம் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். குளத்துப்புழா வரமுடிந்தவர்கள் கொண்டு வாருங்கள், நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம். ஆழியாறு அண்ணா, உங்கள் அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆழியாறு பெயிண்டர்:

தாத்தாவோட துண்டு ஒண்ணு அம்மா பெட்டியில இருக்கு அக்கா. செக்கிங் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வர்றேன்.