கிரிகல்பொத்தவா, தொட்டுபொலவா? அப்பாவின் முழங்காலையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்

கொக்குவில்காரன்:

வணக்கம். பெப்ரவரி கடைசியில் நுவரெலியா வருகிறோம், இரண்டு நாள் கையில் இருக்கும். நான், என் கூட்டாளி, அப்பா. அப்பாவுக்கு 63 வயது. 1984 வாக்கில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறியவர், அந்தக் கதையை இன்னும் விட்டபாடில்லை. ஆனால் இப்போது படி இறங்கும்போது இடது முழங்கால் குத்துகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் மலை அனுபவம் என்று ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கம் கீரிமலை என்று ஒன்று இருக்கிறது, அங்கே கேணி உண்டு, கடல் உண்டு, மலை மட்டும்தான் இல்லை.

முதலில் பிதுருதலாகலதான் நினைத்தோம், நாட்டிலேயே பெரியது அதுதானே. ஏற விடுவார்கள் என்று ஒருத்தர், விடமாட்டார்கள் என்று இன்னொருத்தர். அது சரிவராவிட்டால் ஹோர்டன் சமவெளிக்குள் கிரிகல்பொத்த, தொட்டுபொல இரண்டில் எது நல்லது? ரத்தம் குடிக்கிற அட்டைக்கு என்ன செய்வது? வழிகாட்டி பிடிக்க வேணுமோ? போய்வந்தவர்கள் சொல்லுங்கோ. தேடிப் பார்த்தால் எல்லாம் வெள்ளைக்காரருக்கு எழுதினதாகவே இருக்கிறது.

பட்டிப்பொலப் பனி:

தம்பி, நான் வேன் ஓட்டுகிறவன், சீசனில் வாரத்துக்கு மூன்று நாளாவது ஹோர்டன் சமவெளிப் பூங்கா வாசலில்தான் எனக்கு விடியும். பிதுருதலாகல 2,524 மீட்டர், உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் ராணுவமும். நடந்து ஏற விடமாட்டார்கள். வாகனத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மலையில் நின்றேன் என்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

நடந்து ஏறக்கூடியதில் உயரமானது கிரிகல்பொத்த, 2,388 மீட்டர். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சமவெளியே 2,100 மீட்டர் உயரத்தில்தான் கிடக்கிறது, மிச்ச ஏற்றம் அதிகமில்லை. ஆளைக் கொல்வது தூரம்தான். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. முதலில் பத்தனைப் புல்வெளியும் ஓடையுமாக நன்றாகத்தான் போகும், அப்புறம் காட்டுக்குள் நுழைந்தால் வேர், சேறு, மூங்கில் புதர். பாசி தொங்குகிற மரங்கள் எல்லாம் கூன் விழுந்த கிழவன் மாதிரி, நம் தலைக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும், காற்று அப்படி. கடைசியில் ஒரு மேட்டைப் பார்த்து இதுதான் உச்சி என்று ஏறினால் முன்னால் இன்னொன்று நிற்கும், அதையும் ஏறினால் அதற்குப் பின்னால் உண்மையான உச்சி. நடக்கிறவர்களுக்கே போய்வர ஆறு மணித்தியாலம். அப்பாவை அதில் இழுக்காதீர்கள்.

தொட்டுபொல 2,357 மீட்டர், மூன்றாவது பெரிய மலை. பட்டிப்பொல வாசலால் உள்ளே போகிற வழியிலேயே பாதை தொடங்கும். போக இரண்டு கிலோமீட்டர்தான், ஏற்றமும் மெதுவானது. ராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று சொல்வார்கள், நான் போன அன்றைக்கு ஒன்றும் இறங்கவில்லை.

ஒரு விஷயம். ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், அதற்கு நுவரெலியாவிலிருந்து நாலரைக்காவது கிளம்புங்கள். உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்து விளிம்புக்கு ஒன்பதரைக்குப் போய் நின்றால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி மூடுபனிதான். பெப்ரவரி விடியலில் சில நாள் புல்லில் உப்புத் தூவினதுபோல உறைபனி கிடக்கும், யாழ்ப்பாணத்து உடம்புக்கு ஸ்வெட்டர் ஒன்று போதாது.

கீழ்க்கணக்கு:

அண்ணன் சொன்னது சரி. வழிகாட்டி விஷயத்தில் என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் கிரேட் வெஸ்டர்ன் நேர் எதிரில் சுவர் மாதிரி நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த மலைதானே என்று இரண்டு வருடத்துக்கு முன் நாலு பேர் கிளம்பினோம், "எனக்குப் பாதை தெரியும்" என்ற ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு. தேயிலை முடியும்வரை மனுஷன் ராஜா மாதிரி முன்னால் நடந்தார். மானாப்புல் தாண்டிக் காட்டுக்குள் போன பிறகு நின்று நின்று பார்க்க ஆரம்பித்தார், எங்களுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். உச்சிக்குப் போனோம், போகவில்லை என்று சொல்லமாட்டேன். இறங்கும்போதுதான் தவறியது. ஏறும்போது ஒரே பாதையாகத் தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. அவர் காட்டியதில் இறங்கினோம், அரை மணியில் அது பன்றித் தடம் என்று தெரிந்துவிட்டது.

எப்படித் தெரியும் என்றால், கூட வந்த பையனின் பூட்ஸில் கம்பி மாட்டியது. சைக்கிள் பிரேக் கேபிளில் செய்த சுருக்கு, கணுக்கால் உயரத்தில், இரண்டு பக்கமும் குச்சி நட்டு வழியை ஒடுக்கி வைத்திருந்தார்கள். பன்றிக்கு வைக்கிறது, சிறுத்தையும் இதில்தான் மாட்டிச் சாகிறது. பூட்ஸ் கனமாக இருந்ததால் கால் தப்பியது. அதற்குப் பிறகு ஒருவர் பின்னால் ஒருவராக, தடியால் தட்டித் தட்டித்தான் இறங்கினோம். ஆறரைக்கு இருட்டிவிட்டது, இருந்த ஐந்து போனில் இரண்டில்தான் சார்ஜ். எட்டு மணி தாண்டி ஒரு லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வெளிச்சம் தெரிந்தது. அந்த வீட்டு ஆயா முதலில் எங்களைத் திட்டினார், அப்புறம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

அதனால் ஹோர்டனுக்குள் உங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை, பாதை தெளிவு, உள்ளே போகும்போது எந்த மலைக்குப் போகிறோம் என்று அங்கே சொல்லிவிட்டுப் போங்கள். கிரேட் வெஸ்டர்ன், நக்கிள்ஸ் மலைத்தொடர் என்றால் பக்கத்துத் தோட்டத்திலோ கிராமத்திலோ விசாரித்து, போன மாதம் ஏறியவரைக் கூட்டிப் போங்கள். தோட்டத்து வழியாக ஏறினால் குளவிக்கும் கவனம். டர்பன்டைன் மரத்திலும் பாறை இடுக்கிலும் கூடு தொங்கும், கொழுந்து பறிக்கிற எங்கள் ஆட்களே வருடாவருடம் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கீழே நின்று கத்துவது, கல் எறிவது, புகை போடுவது ஒன்றும் வேண்டாம்.

மஸ்கெலியாக்காரி:

பெப்ரவரியில் வந்துவிட்டு சிவனொளிபாதமலையை விட்டுப் போகிறீர்களே! டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சீசன், வழியெல்லாம் லைட்டும் கடையும் இருக்கும். ஆனால் முழங்கால் என்று படித்தபிறகு நானே வேண்டாம் என்கிறேன். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரம் படிக்கு மேல், ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், இறங்கும்போதுதான் கால் தந்தியடிக்கும். இளம் பிள்ளைகளே மறுநாள் பஸ் படியில் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு மண்பாதைதான் நல்லது, கையில் ஒரு தடி இருக்கட்டும்.

அட்டைக்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஹோர்டன் குளிருக்கும் பெப்ரவரி வெயிலுக்கும் அட்டை மிகக் குறைவு. இரத்தினபுரிப் பக்கப் பாதை, நக்கிள்ஸ், மழைக்காலம் என்றால்தான் தொல்லை. சவர்க்காரத்தை நனைத்துக் காலுறைக்கு மேல் தடவுங்கள், காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காதீர்கள், நகத்தை அடியில் விட்டு வழித்துவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்படத் தேவையில்லை.

இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையில் நீங்கள் போகிற பிரதேசம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது வெறும் செய்தி இல்லை, 2014இல் மீரியபெத்த லயங்கள் மண்ணோடு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

கொக்குவில்காரன்:

எல்லாருக்கும் நன்றி, கீழ்க்கணக்கு அண்ணையின் கம்பிக் கதையை வாசித்துவிட்டுக் கூட்டாளி புது பூட்ஸ் வாங்கப் போய்விட்டான். முடிவு இதுதான்: முதல் நாள் மூன்று பேரும் தொட்டுபொல. இரண்டாம் நாள் விடிய நாங்கள் இரண்டு பேர் கிரிகல்பொத்த, அப்பா ஆறுதலாக உலக முடிவுப் பக்கம். அந்தச் சுற்று அவரால் ஏலுமோ? சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?

பட்டிப்பொலப் பனி:

முழுச் சுற்று ஒன்பதரைக் கிலோமீட்டர், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் முழங்காலுக்கு ஆகாது. உலக முடிவுவரை போய் வந்த வழியே திரும்பச் சொல்லுங்கள். வெறும் 870 மீட்டர் பள்ளம், விளிம்பில் நின்று செல்பி எடுக்காமல் இருந்தால் போதும். சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள். பொலித்தீனில் சுற்றியது எதையும் வாசலில் பிரித்துவிடுவார்கள், பிஸ்கட் வாங்கினால் அங்கேயே கடதாசிப் பைக்கு மாறும். மான் பக்கத்தில் வரும், கொடுக்காதீர்கள்.

கொக்குவில்காரன்:

அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மேலே போய் ஒரு சுருட்டுப் பற்றலாமோ என்று கேள்" என்கிறார்.

பட்டிப்பொலப் பனி:

சுருட்டும் நெருப்புப்பெட்டியும் வேனிலேயே இருக்கட்டும், காய்ந்த பத்தனை ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். ஐயா இறங்கி வந்ததும் அம்பேவெல தாண்டி ஒரு கடையில் நிறுத்துகிறேன், அங்கே பிளேன்டீயோடு பற்றட்டும்.