433 எலும்பா, 206 எலும்பா?

வட்டக்கச்சியான்: பரந்தன் தம்பி நேற்று எழுதியதைப் பார்த்து நித்திரை வரவில்லை. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஈவல் கனீவலுக்கு 433 எலும்பு உடைந்ததாம், அவரைப் போலத் துணிந்தவர் உலகத்திலேயே இல்லையாம். தம்பி, மனிதனுக்கு இருப்பதே 206 எலும்பு. மிச்சம் 227ஐ எங்கே கடன் வாங்கினார்?

பரந்தன் பொடியன்: கின்னஸில் 433 என்றுதான் இருக்கிறது அண்ணை. 1967 டிசம்பர் 31, லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் நீரூற்றுக்கு மேலால் பாய்ந்தார். இறங்கும் பலகைக்குச் சரியாக எட்டவில்லை. ஹாண்டில் கையிலிருந்து பறிபட்டு ஆள் தரையில் உருண்டார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின. அதற்குப் பிறகும் ஓடினாரே, அதைச் சொல்லுங்கள்.

வட்டக்கச்சியான்: 206.

மாங்குளம் ராசாத்தி: ஒரே எலும்பு இரண்டு மூன்று தரம் உடையாதா? முறிவைத்தானே எண்ணியிருக்கிறார்கள்.

வட்டக்கச்சியான்: பிள்ளை, தம்பி எழுதியது எலும்பு என்று. 206தான். காயப்பட்டு எழும்புவதுதான் துணிவென்றால் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். தோளுக்குள் ஷெல் துண்டோடு கரைவலை இழுக்கிறார்கள். மழை இருட்டினால் அந்த இடம் உளையும். மற்றக் கையால் உருவிவிட்டுத் திரும்பவும் கயிற்றைப் பிடிப்பார்கள். அவர்களுக்குக் கமராவும் இல்லை, கின்னஸும் இல்லை.

பரந்தன் பொடியன்: அவர்களை யார் குறைத்துச் சொன்னது? எதற்கெடுத்தாலும் போரைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறீர்கள். 1975 மே மாதம் வெம்பிளியில் 13 பஸ்ஸுக்கு மேலால் பாய்ந்து விழுந்து இடுப்பு உடைந்தது. ஆட்கள் தாங்கிப் பிடிக்க நடந்தே வெளியேறினார். ஒக்டோபரில் ஒஹையோவில் 14 பஸ்ஸைத் தாண்டினார்!

வட்டக்கச்சியான்: இனிப் பாயமாட்டேன் என்று வெம்பிளியில் சனத்துக்கு முன்னால் சொன்னதை ஏன் விழுங்கிவிட்டீர்? சொல் மாறுகிறவர் வீரரா? 1974இல் ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கை ரொக்கெட்டில் தாண்டப் போய், கிளம்பும்போதே பரசூட் விரிந்து பள்ளத்துக்குள் இறங்கியதையும் எழுதும்.

ஏ9 குமரன்: இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் பொடியள் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடுகிறார்கள். தலையில் ஹெல்மெட்டும் இல்லை.

பரந்தன் பொடியன்: கனீவல் ஹெல்மெட் போடச் சொல்லி ஊரூராகப் பேசியவர். அவரைப் பழிக்காதீர்கள். வட்டக்கச்சி அண்ணைக்குக் கோபம் கனீவலில் இல்லை. எங்கள் கழகத்திடம் உதைபந்தாட்டத்தில் தோற்ற நாளிலிருந்து நான் எதை எழுதினாலும் பிழை பிடிக்கிறார்.

வட்டக்கச்சியான்: அந்தப் பெனால்டி பெனால்டியே இல்லை. அதைத் தனியாகப் பேசுவோம். இங்கே 433ஐத் திருத்தும்.

பரந்தன் பொடியன்: திருத்தமாட்டேன்.

ஏ9 குமரன்: பெனால்டிதான். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

வட்டக்கச்சியான்: நீர் யாருக்குக் கைதட்டிக்கொண்டு நின்றீர் என்பதும் எனக்குத் தெரியும்.